கருவில் கேட்கும் இதயத் துடிப்பு

குகட்பள்ளியிலே எத்தனை வருஷம் இருந்தாலும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் மாறவில்லை. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஏழு மாதம் பார்த்தவர் ஹைதராபாத் டாக்டர். பிரசவம் பார்ப்பவர் திருச்சியிலோ நெல்லையிலோ இருப்பார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இரட்டைக் கரு, சிசுவின் வளர்ச்சிக் குறைவு என்று ஏதாவது இருந்தால், இந்த இடமாற்றத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

1895-இல் பிரெஞ்சு மருத்துவர் பினார்டு ஒரு மரக் குழலை வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்டார். இன்று அந்த வேலையைச் செய்வது சி.டி.ஜி. கருவி. வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று துடிப்பை எண்ணும். மற்றது கருப்பை இறுகுவதைக் குறிக்கும். இரண்டும் ஒரே தாளில் கோடுகளாக ஓடும்.

நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. கோடு நேராக ஓடினால் நல்லது என்று நினைப்போம், அப்படியில்லை. ஏறி இறங்கும் கோடுதான் ஆரோக்கியம். சிசு அசையும்போது துடிப்பு கூட வேண்டும். தூங்கும் சிசுவுக்குக் கோடு சற்று நேரம் தட்டையாக இருக்கலாம். அதனால்தான் 20 நிமிஷம் என்று ஆரம்பித்த சோதனையை 40 நிமிஷம் நீட்டுவார்கள். கருப்பை இறுகித் தளரும்போது துடிப்பு தாமதமாக இறங்கி, அதுவே திரும்பத் திரும்ப வந்தால், நஞ்சுக்கொடி வழியே பிராணவாயு போதவில்லையோ என்று டாக்டர் சந்தேகிப்பார். ஆனால் கோடு சரியில்லை என்றாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. வேறு பரிசோதனைகளையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நேற்று எடுத்த சி.டி.ஜி. இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. அசைவு குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால், “காலையில் பார்த்துக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்லக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். 108 ஆம்புலன்ஸ் 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. 2008 முதல் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

ஊருக்குப் புறப்படும்போது ஒன்று செய்யுங்கள். சி.டி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது. நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து, கர்ப்ப வாரத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். தாளின் வேகம் நிமிஷத்துக்கு 1 செ.மீ.யா 3 செ.மீ.யா என்பதும் அதில் தெரியணும். வேகம் மாறினால் அதே துடிப்பு வேறு மாதிரித் தெரியும். ஸ்கேன் அறிக்கை, பிரஷர், சுகர் குறிப்புகள், மாத்திரைப் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.