கோப்பு அறுந்தால் கம்பியைப் பாருங்கள்

1998ஆம் ஆண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் தகவல் நிலையம் அமைத்தனர். அமெரிக்கக் கடற்படையின் அலை உயர முன்னறிவிப்பு இணையத்திலிருந்து இறக்கப்பெற்று, வீராம்பட்டினம் மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அன்று இணையம் தொலைபேசிக் கம்பியில், மோடம் வழியே வந்தது. கோப்பு பாதியில் அறுந்தால் கடல் செல்வோர்க்குச் செய்தி இல்லை.

நூல் இற்றால் தறியைப் பழிப்போமா? கம்பியில் இரைச்சல் மிகுந்தால் புது மோடமும் வேகம் குறையும். பின்னர் இணைப்பையே விடும். ஆதலின் முதலில் உடனிணைந்த தொலைபேசிகளைக் கழற்றினர். துருவேறிய முனைகளைத் துடைத்து இறுக்கினர். அழைப்புக் காத்திருப்பு வசதியை நிறுத்தினர். அதன் பின்னரே வேகத்தைக் குறைத்துப் பார்த்தனர். விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருள், பட்ட பாட்டைக் காத்தது.

காரைக்கால் உப்புக்காற்றில் கம்பி முனைகள் இன்றும் அரிக்கின்றன. கருவி மாறினும், சங்க அலுவலகத்தில் இவ்வரிசையையே நாம் கைக்கொள்வோமாக.