செக் எஞ்சின் விளக்கு

செக் எஞ்சின் விளக்கு என்பது எஞ்சினையும் புகை வெளியேற்ற அமைப்பையும் கண்காணிக்கும் கணினி ஏதேனும் பிழையைக் கண்டால் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எரியும் மஞ்சள் எச்சரிக்கை விளக்காகும். கார்புரேட்டர் வண்டிகளில் பொதுவாக இது கிடையாது. இந்தியக் கார்களில் ஓபிடி எனப்படும் தற்கண்டறி அமைப்பு 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு அறிமுகமாகி, 2013இல் ஓபிடி 2 ஆனது. அதற்கு முந்தைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் சிலவற்றில் விளக்கு இருந்தும் இன்றைய ஸ்கேனர் பொருந்தாது. சோதனைச் செருகியின் குறிப்பிட்ட முனைகளை இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணியே குறியீட்டை அறிய வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைவதே இயல்பு. சாவி திருப்பியும் எரியாவிட்டால் பல்பு பழுதாகியிருக்கலாம், அல்லது யாரேனும் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இதை முதலில் பார்ப்பது நல்லது.

குறியீடு கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. பி0171 என்பது காற்றின் அளவுக்கு எரிபொருள் குறைவு என்பதையும், பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுவதையும் மட்டுமே குறிக்கும். முதற்குறியீட்டைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவது பரவலான, வீண் செலவான பழக்கம். வெடித்த ரப்பர் வேக்குவம் குழாய், அடைத்த எரிபொருள் வடிகட்டி, எலி கடித்த கம்பி, துருவேறிய எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் குறியீடு அழிந்துவிடும். அதற்கு முன்பே அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலையில்

போளூர், ஆலங்காயம் பக்கங்களிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலைகளில், சமவெளியில் மறைந்திருந்த குறை வெளிப்படுவதுண்டு. வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. நல்ல நிலையிலுள்ள வண்டியின் கணினி இதைச் சரிசெய்துகொள்ளும். எனவே விளக்கு எரிவதற்கு உயரத்தைக் காரணம் காட்ட முடியாது.

எப்போது எரிந்தது என்பது குறியீட்டளவு முக்கியமான தடயம். வேக்குவம் கசிவு, வண்டி நின்று ஐடிலில் ஓடும்போதே அதிகம் தொல்லை தரும். ஏற்றத்தில் திராட்டில் திறந்திருப்பதால் அதன் பாதிப்பு குறையும். பி0171 ஏற்றத்தில் மட்டும் வந்தால் எரிபொருள் பம்பையும் வடிகட்டியையும் சந்தேகிக்கலாம். சுமையோடு ஏறும்போது மட்டும் எஞ்சின் திக்கினால் பலவீனமான இக்னிஷன் காயிலோ தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ காரணமாக இருக்கலாம்.

விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால், மெதுவாகப் பணிமனைவரை செல்லலாம். சிமிட்டினால் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை அளவுகடந்து சூடாக்கும். அந்நிலையில் சாலையோரக் காய்ந்த புல்லின் மீதோ சருகின் மீதோ நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். கோடையில் காட்டுப்பகுதியில் இது பெரும் ஆபத்து. சிவப்பு ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தாலும் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.

இறக்கத்தில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது கூடாது. எஞ்சின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் மிஞ்சும் வேக்குவம் ஓரிரு அழுத்தலுக்கே போதும். பிறகு மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகும், கியரில் கிடைக்கும் எஞ்சின் பிரேக்கும் இருக்காது. இரண்டாம் கியரிலேயே இறங்கி, அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.