அங்கோராவின் கம்பளி எங்கே போயிற்று?

பொட்டிபுரத்து மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்த பிறகும் தயங்கி நின்றான். "சார், முயல் வாங்கினதுல ஏமாத்திட்டாங்கன்னு அப்பா சொல்றார். குட்டிகளை எல்லாம் கறிக்குக் கொடுக்கப் போறார்" என்றான். நான் கற்பிப்பது இயற்பியல். ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும் அதிலிருந்த கணக்கு என்னை இழுத்துக்கொண்டது.

அவன் தந்தைக்குப் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. அங்கே மலை வீட்டில் கம்பளிக்காக ஒரு வெள்ளை அங்கோரா ஆண் முயலை வாங்கி வளர்த்தார். (அங்கோராவுக்குக் குளிர் வேண்டும். முயலுக்கு வியர்க்காது, போடி வெயிலில் அந்தக் கம்பளியோடு தவித்துப் போகும்.) அதைச் சாம்பல் நிறச் சோவியத் சின்சில்லா பெண் முயலோடு சேர்த்தார். கொடைக்கானல் மலையில், மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்பட்டுவரும் இனம் இது. பிறந்தவை ஆறு குட்டிகள். ஆறும் சாம்பல், ஆறுக்கும் குட்டை மயிர்!

நீங்களாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். ஆனால் விற்றவர் ஏமாற்றவில்லை.

ஒவ்வொரு குட்டியும் ஒரு பண்புக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஜீன்களைப் பெறுகிறது. குட்டை மயிர் ஜீன் ஓங்கியது. நீண்ட மயிர் ஜீன் ஒடுங்கியது. இரண்டும் ஒரே உடலில் இருந்தால் குட்டை மயிரே வளரும். அங்கோரா மயிர் இவ்வாறு மெண்டலின் விதிப்படி ஒடுங்கி நிற்பதை அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் காசில் 1903-லேயே எழுதிவிட்டார்.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. சிவந்த கண்ணுடைய வெள்ளை முயலின் வெண்மை ஒரு நிறமன்று. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் நொதி அதனிடம் வேலை செய்வதில்லை. அச்சுக் கோத்து எல்லாம் தயாராயிருக்கும் அச்சகத்தில் மை இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெற்றுத் தாள்தான் வெளிவரும். வெள்ளை முயலுக்குள்ளும் கறுப்போ பழுப்போ எழுதப்பட்டிருக்கலாம், பார்வைக்குத் தெரியாது. சின்சில்லாவிடமிருந்து மை வந்ததும் அந்த எழுத்து எந்தத் தலைமுறையிலாவது வெளிப்படலாம்.

இதே நொதியில் இன்னொரு விந்தை உண்டு. என்னைப் போன்ற இயற்பியல்காரர்களுக்கு மிகப் பிடித்தது. கலிபோர்னியன் முயலின் உடல் வெள்ளை. மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கருமை. அதன் நொதி குளிர்ச்சியான இடத்தில்தான் இயங்கும். ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உடலில் அது முடங்கிவிடுகிறது. குளிர்ந்த நுனிகளில் விழித்துக்கொள்கிறது. வெப்பமானியையே தோலில் போர்த்திய பிராணி!

மாணவனுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த ஆறு குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால், நீண்ட மயிர் வர 4-ல் 1 வாய்ப்பு. வெண்மைக்கும் 4-ல் 1. இரண்டும் ஒருங்கே அமைய 16-ல் 1. ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள்தானே! உடன்பிறந்தவற்றைச் சேர்ப்பதும் நல்லதன்று. மாறாக, வேறொரு வெள்ளை அங்கோராவுடன் சேர்த்தால்? அதனிடம் ஒடுங்கிய ஜீன்களே உள்ளன. ஆகவே நீண்ட மயிருக்கு 2-ல் 1, வெண்மைக்கு 2-ல் 1, இரண்டுக்கும் சேர்த்து 4-ல் 1. இதுவும் வாய்ப்புதான், வாக்குறுதியன்று. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழுவதில்லையா?

நான்கு குட்டிகள் கறிக்குப் போய்விட்டன. இரண்டு பெட்டைகளை மட்டும் மகன் கெஞ்சிக் காப்பாற்றினான். அடுத்த ஆண்டு அவற்றில் ஒன்று ஏழு குட்டிகள் ஈன்றது. மூன்றுக்கு நீண்ட மயிர். அவற்றில் ஒன்று வெள்ளை, இரண்டு சாம்பல். வெள்ளைக் கம்பளி எந்தச் சாயத்தையும் ஏற்கும் என்பதால் தந்தை வெள்ளையை வைத்துக்கொண்டார். சாயமே வேண்டாத சாம்பல் இரண்டையும் மகன் விடவில்லை.