வீட்டுவண்டியில் இரைச்சல்: வானொலி சொல்லும் சேதி

அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா முதலிய இடங்களில் வீட்டோடு பிரயாணஞ் செய்வோர் பலருளர். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி யாவும் அமைந்த பெரிய மோட்டார் வாகனத்தில் குடும்பமாக ஏறி, வாரக்கணக்கில் ஊர் ஊராகச் செல்வர். 'மோட்டார்ஹோம்' என்று அங்கு வழங்கும் இதனை நாம் வீட்டுவண்டி எனலாம். இவ்வண்டிக்காரரிடையே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. பாட்டுக் கேட்க விரும்பிச் சுவிச்சைத் திருப்பினால், பாட்டோடு கீச்சொலியும் உறுமலும் படபடப்பும் கலந்து வருகின்றன என்பதே அது.

உடனே கடைக்கு ஓடிப் புதிய ஒலிபெருக்கியோ வடிகட்டியோ வாங்குவோர் அநேகர். பணம் போகின்றது, இரைச்சல் போவதில்லை. நோயின் மூலத்தை அறியாது மருந்து கொடுத்தால் வேறென்ன நிகழும்?

இது பழைய நோயே. 1930ஆம் ஆண்டில் போல் கல்வின் என்பாரின் கம்பனி 'மோட்டறோலா' என்னும் கார் வானொலியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் கார் வானொலி செய்தோரைப் பெரிதும் வருத்தியது, எஞ்சின் பிளக்குகளிலிருந்து எழுந்த படபடப்பாகும். மின்பொறி தெறிக்குமிடத்தில் வானொலி அலை பிறக்கும் என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் 1880களிலேயே காட்டியிருந்தார். ஆகவே ஒவ்வொரு பிளக்கும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாக விளங்கிற்று! பிளக்கின் வயரில் மின்தடையைச் சேர்த்து அதனை அடக்கினர்.

இன்றைய வீட்டுவண்டியில் இரைச்சலுக்குப் பிறப்பிடங்கள் பல. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனிக்குரல் உண்டு. எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலி பெரும்பாலும் பற்றரியை மின்னேற்றும் ஓல்ரனேற்றரிலிருந்து வருவது. அது மூன்று அவத்தை ஆடலோட்டத்தைப் பிறப்பிக்க, ஆறு இருவாயிகள் அதனை நேரோட்டமாக மாற்றுகின்றன. ஆனால் அவ்வோட்டம் முற்றாகச் சமனாவதில்லை; ஒரு சுற்று ஆடலோட்டத்துக்கு ஆறு சிற்றலைகள் அதில் எஞ்சும். ஆறு சோடி முனைவுகளுள்ள ஓல்ரனேற்றர் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலுமாயின், செக்கனுக்கு 1,200 சிற்றலைகள் உண்டாகும். அது நமது செவிக்கு மிகத் தெளிவாகக் கேட்கும் சுருதியன்றோ?

எஞ்சினை நிறுத்திய பின்னும் ஒலி நீடிக்குமாயின் ஓல்ரனேற்றர் குற்றவாளியன்று. எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிச் சார்ஜர், பற்றரி மின்னை வீட்டு மின்னாக மாற்றும் இன்வேட்டர் ஆகியவற்றை ஐயுறலாம். தங்குமிடத்து மின்சாரத்தில் வண்டியைத் தொடுத்தவுடன் எழும் தாழ்ந்த உறுமல், அமெரிக்காவில் 60 அல்லது 120 அதிர்வும், ஐரோப்பாவில் 50 அல்லது 100 அதிர்வும் உடையது.

இவ்வொலிகள் பாட்டுக்குள் நுழையும் வழி யாது? வண்டியின் இரும்புச் சட்டமே பல கருவிகளுக்கும் மின் திரும்பும் பாதையாகும். அதிலே துருப்பிடித்த ஓரிணைப்பின் தடை 0.01 ஓம் என்று கொள்வோம். 50 அம்பியர் ஓட்டம் அதனூடு சென்றால் 0.5 வோல்ற்று வித்தியாசம் தோன்றும். இதில் இருபதிலொரு பங்கு ஏறியிறங்கினாலும் 25 மில்லிவோல்ற்று ஆகின்றது. பாட்டைச் சுமந்துவரும் வயரிலோ ஏறத்தாழ 300 மில்லிவோல்ற்றே உண்டு. வானொலியும் அம்பிளிபயரும் வெவ்வேறிடங்களில் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பின், இவ்வித்தியாசம் பாட்டோடு கலந்துவிடும்.

எனவே சோதனை முறையாக நடைபெற வேண்டும். முதலில் எஞ்சினை நிறுத்திக் கேளுங்கள். அடுத்து விளக்கு, பம்பி, சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரே வேளையில் இரண்டை மாற்றலாகாது. மாற்றினால் எது காரணமென்று அறியவியலாது. பின்னர் அம்பிளிபயருக்கு வரும் பாட்டு வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் ஒழிந்தால் அது அவ்வயர் வழியே வந்தது. ஒழியாவிடின் மின்வழங்கும் வயரையோ புவித்தொடுப்பையோ ஆராய வேண்டும்.

பரிகாரங்கள் பெரும்பாலும் எளியவை. பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, சட்டத்தோடு இணையுமிடத்துப் பூச்சையும் துருவையும் சுரண்டி இறுக்குங்கள். இசைக்கருவிகள் யாவற்றுக்கும் ஒரே இடத்தில் புவித்தொடுப்பு அமையட்டும். அம்பிளிபயருக்குரிய மின்னைப் பற்றரியருகே பியூஸ் பொருத்தி நேரே கொணர்க. மின் வயரும் பாட்டு வயரும் வெவ்வேறு பக்கமாகச் செல்லட்டும். வடிகட்டி வாங்குவது கடைசிப்படி.

இரு எச்சரிக்கைகள். உறுமலை ஒழிக்கவென்று வீட்டு மின் செருகியின் புவிமுனையைத் துண்டிப்போர் உளர். அஃது உயிரோடு விளையாடுவதாகும். பழுதுற்ற கருவியொன்று வண்டியின் உடலை மின்னேற்றினால், தொடும் குழந்தையைக் காக்கவே அம்முனை அமைந்துள்ளது. மற்றையது, இதுகாறும் இல்லாத கீச்சொலி திடீரெனத் தோன்றினால் அதை மூடி மறைத்தல் தகாது. ஓல்ரனேற்றரின் இருவாயியொன்று பழுதாயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ற்றுப் பற்றரியில் வழக்கமாக 14 வோல்ற்று அளவு காணப்படும். மீற்றர் அதனிலும் மிகக் குறைவாகக் காட்டுமாயின், நடுவழியில் குடும்பத்தோடு நிற்கும் நாள் தொலைவிலில்லை எனலாம்.

நம் நாட்டு வான்களிலும் இதே விதிகளே செல்லும். மாணாக்கர் வகுப்பிலே படிக்கும் ஓமின் விதி, பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியதன்று. அதனை அறிந்தவர் இரைச்சலை முதலில் உற்றுக் கேட்பர். பணத்தைப் பின்னரே செலவிடுவர்.