ரிவர்ஸில் லாரி உதறுகிறதா? டிரைவரைத் திட்டுமுன் இதைப் பாருங்கள்

சொந்த லாரி வைத்துச் சரக்கு எடுக்கும் வியாபார அன்பர்களுக்கு நம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். நாம் பட்ட நஷ்டம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதே நோக்கம்.

விருதுநகரில் நம் கிட்டங்கி ஒரு குறுகலான சந்துக்குள் இருக்கிறது. லோடு லாரி பின்னோக்கித்தான் உள்ளே வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் துவரை மூட்டைகளோடு வந்த நம் லாரி, ரிவர்ஸ் எடுக்கும்போது தடதடவென்று உதறி, இரண்டடி குதித்துச் சுவரில் முட்டியது. பின்னால் நின்று கை காட்டிக் கொண்டிருந்த சுமை தூக்கும் தொழிலாளி நொடியில் ஒதுங்கியதால் உயிர் தப்பினார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

டிரைவரை எல்லோர் முன்னிலையிலும் திட்டினோம். “அண்ணாச்சி, கிளட்சை எவ்வளவு மெதுவா விட்டாலும் ரிவர்ஸ்ல உதறுது. முன்னால போகும்போது ஒண்ணும் இல்ல” என்றார். நாம் காதில் வாங்கவில்லை. கிளட்சைத் தேய்த்து ஓட்டியிருக்கிறார் என்று பட்டறையில் சொன்னதை நம்பி, புது கிளட்ச் செட் போட்டோம். செலவில் ஒரு பகுதியை அவர் பேட்டாவில் பிடித்தோம். மூன்றே வாரத்தில் பழைய உதறல் திரும்பி வந்தது.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். டிரைவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, நேராக மவுண்டிங்கைப் பார்த்தார். ஒரு பக்கத்து ரப்பர் கிழிந்து கிடந்தது.

ரிவர்ஸில் மட்டும் ஏன்?

முன் கியரில் இழுக்கும்போது என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு பக்கமாக முறுக்கிக் கொள்ளும். ரிவர்ஸில் மறுபக்கம் முறுக்கும். எனவே ஒரு பக்கத்து ரப்பர் போயிருந்தால், முன்னால் போகும்போது தெரியாமல் இருந்து ரிவர்ஸில் வெளிப்படலாம். என்ஜின் எழும்பும்போது கிளட்ச் லிங்க்கையும் சேர்த்து இழுக்கிறது. கிளட்ச் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. அதுதான் உதறல். லோடு ஏற ஏற உதறலும் கூடும்.

செலவில்லாத சோதனை முதலில்

1. முன் கியரில், லோடோடு மேட்டில் ஏறும்போதும் உதறுகிறதா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் உதறினால் கிளட்சுக்குள்ளேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ரிவர்ஸில் மட்டும் என்றால் முதலில் வெளியே தேடுங்கள்.

2. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி, டிரைவர் ரிவர்ஸில் கிளட்சை லேசாகப் பிடிக்கும் இடம் வரை விட்டு உடனே அமுக்கட்டும். மெக்கானிக் பக்கவாட்டில் நின்று என்ஜின் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் அடியிலும் ஆள் இருக்கவே கூடாது.

3. என்ஜினை அணைத்துவிட்டு, பின்பட்டையின் யு-போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், சென்டர் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

4. கிளட்ச் பெடலின் விளையாட்டு சரியாக இருக்கிறதா, மிதித்தால் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள்.

5. பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா? கறுப்பாக இருந்தால் என்ஜின் பக்கத்து ஆயில் சீல். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் பாக்ஸ் பக்கத்து சீல். எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். பெட்ரோல் விட்டுக் கழுவுவது நிலைக்காது. சீலையும் பிளேட்டையும் மாற்றுவதே வழி.

கியர் பாக்ஸ் இறக்கினால்

இதில் எதிலும் பிடிபடாவிட்டால்தான் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அப்போது முதலாளி ஒரு நடை பட்டறைக்குப் போய் நிற்பது நல்லது. பிளைவீல் முகத்தில் நீலம் பாரித்த சூட்டுத் திட்டுகள் இருக்கின்றனவா, பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, பிளேட்டின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சூடு கண்ட பிளைவீலில் புது பிளேட் போட்டால் உதறல் போகாது. மறுபடி பூட்டும்போது மவுண்டிங் ரப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பட்டறையில் விட்டுப்போனது அதுதான்.

அதிக லோடும் கிளட்சுக்கு எமன். 2018-இல் இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதற்காகப் பழைய வண்டியில் கூடுதல் மூட்டை அடுக்கக் கூடாது. அவரவர் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதே கணக்கு.

ரப்பரை மாற்றியதும் லாரி பூனை போல் பின்னால் வந்தது. டிரைவரைக் கடைக்கு அழைத்து, பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். “பணம் கிடக்கட்டும் அண்ணாச்சி, நான் சொன்னத நம்பலையேன்னுதான் வருத்தம்” என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது நம் கிட்டங்கியில் லாரி ரிவர்ஸ் வரும்போது லாரிக்கும் சுவருக்கும் நடுவே யாரும் நிற்பதில்லை. கை காட்டுபவர் பக்கவாட்டில், டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்கிறார். டிரைவர் ஒரு குறை சொன்னால் அன்றைக்கே நோட்டில் எழுதி விடுகிறோம். அன்று அவர் சொன்ன ஒரு வரியைக் கேட்டிருந்தால், ஒரு ரப்பரோடு காரியம் முடிந்திருக்கும்.