கண்ணிமைக்கு எத்தனை வண்ணம்?

பாலக்காட்டு வெள்ளிநேழி கதகளிக்குப் பெயர்போன ஊர். அங்கே வேடம் தீட்டுவோர் கையாளும் வண்ணங்கள் சிலவே. மஞ்சள் அரிதாரத்தோடு நீலம் சேர்ந்தால் பச்சை முகம் பிறக்கும், சாதிலிங்கம் சிவப்பு, மை கறுப்பு. கலக்கத் தெரிந்தவர்க்குச் சில வண்ணங்களே போதும் என்பது இதில் நான் கண்ட பாடம்.

ஆயினும் அரிதாரம் ஆர்சனிக் சல்பைடு. சாதிலிங்கம் மெர்க்குரி சல்பைடு. நாள்தோறும் இமையில் பூசத் தக்கவை அல்ல. பழமை ஒன்றே பாதுகாப்பு ஆகாது அன்றோ!

இன்றைய ஐஷேடோ தட்டுகளின் பழுப்பு நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளே. பெட்டியில் 77491 என்றால் சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. விலையுயர்ந்த பெட்டியிலும் மலிவான பெட்டியிலும் இதே எண்களைக் காணலாம். இடுக்கித் தோட்டப்புறத்திலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த என் போன்றோர்க்கு இது நற்செய்தி!

ஆகவே தோழியரே, நாற்பது வண்ணம் வேண்டா. வெளிர் மணல், இளம்பழுப்பு, செங்கல், கரும்பழுப்பு ஆகிய நான்கு போதும். கரும்பழுப்பை ஈரத் தூரிகையால் தொட்டால் இமைக்கோடு. உலர்ந்தபடி இட்டால் புருவத்திற்கும் ஆகும். விழாவுக்குப் பளபளப்பு ஒன்று இருக்கட்டும்.

நிறத்திற்காக ஈய, ஆர்சனிக் சேர்மங்களைக் கலப்பதை 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் தடுக்கின்றன. எனவே தயாரிப்பாளர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி இல்லாத தட்டை, எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். விடுதியில் தூரிகையைப் பகிர்ந்தால் ‘மெட்ராஸ் ஐ’யும் பகிரப்படும். பணம் மீண்டும் வரும், பார்வை வருமா?