பல்லுக்காக ஒரு சபர்



நம் கரையோர ஊர்களில் 'சபர்' என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பிழைப்புத்தான். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று மரக்கலக் காலத்தில் தொடங்கி, துபை, ஜித்தா, குவைத் என்று இன்றைய வானூர்திக் காலம் வரை நம்மவர்கள் பொருள் தேடிப் புறப்பட்ட பயணங்களுக்கெல்லாம் அதுவே பெயர். ஹஜ்ஜுக்காகச் சபர் உண்டு. கல்விக்காகச் சபர் உண்டு. பல் கட்டிக்கொள்வதற்காகவும் மக்கள் நாடு விட்டு நாடு சபர் செய்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

மெக்ஸிகோ நாட்டின் வடகோடியில், அமெரிக்க எல்லையை ஒட்டி, லாஸ் அல்கோடோனெஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சில ஆயிரம் பேரே வசிக்கும் அவ்வூரில் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள் தொழில் நடத்துகிறார்கள். 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். உலகின் செல்வந்த நாடான அமெரிக்காவின் முதியவர்கள், எல்லைக்கு இப்பால் தங்கள் காரை நிறுத்திவிட்டு, கால்நடையாக எல்லையைக் கடந்து அங்கே சென்று பல் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். முதியோருக்காக அந்நாட்டரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு, பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்குப் பணம் கொடுப்பதில்லை. ஒரே ஒரு செயற்கைப் பல்லை எலும்பில் ஊன்றிக்கொள்ள அங்கே 3000 முதல் 5000 டாலர் வரை ஆகும். ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் ஒருவர் என்னதான் செய்வார்? ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1989 ஆம் ஆண்டு எல்லைகள் திறந்தபின் ஆஸ்திரியர்கள் ஹங்கேரியின் ஷோப்ரோன் போன்ற எல்லையோர ஊர்களுக்குப் பல்லுக்காகவே போகத் தொடங்கினார்கள். பிரிட்டிஷார் இன்று துருக்கிக்குப் பறக்கிறார்கள். சிங்கப்பூர்வாசிகள் பாலத்தைக் கடந்து ஜொகூருக்குச் செல்கிறார்கள்.

நம்மவர்களின் சபரோ தலைகீழானது. வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், பல் வலி வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பல்லுக்கு ஆகும் செலவில் இங்கே இரண்டு மூன்று பற்களை முடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் திருகு ஊன்றி அதன்மேல் கிரவுன் வைக்க ஒரு பல்லுக்குச் சுமார் 25,000 ரூபாயிலிருந்து, திருகு எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைப் பொறுத்து, அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் ஆகிறது. கணக்கு சரிதான். ஆனால் முப்பது நாள் விடுமுறையில் அந்தக் கணக்கு எப்படி இடறுகிறது என்பதைத்தான் நாம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், இந்தப் பல் எப்படி நிற்கிறது என்பதை அறிந்துகொள்வோம். 1952 ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்வதற்காக டைட்டானியம் உலோகத்தால் செய்த சிறு கருவி ஒன்றை அவ்வெலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாகக் கருதி ஒதுக்காமல், அதனோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது! இந்த எதிர்பாராத காட்சியிலிருந்தே இன்றைய 'இம்பிளாண்ட்' பிறந்தது. 1965 ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அந்த மனிதர் 2006 ஆம் ஆண்டு இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, அவற்றைக் கொண்டே மென்று உண்டார். ஆயினும் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982 இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே பரவலாக ஏற்றுக்கொண்டது.

இழந்த பல்லுக்கு மாற்று வைக்கும் எண்ணம் நம் முன்னோர்களுக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆடும் பற்களைப் பொன் கம்பியால் கட்டுவதையும், விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை வைப்பதையும் எழுதி வைத்தார். நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920 ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அவர், ஒரு சோடாக்கடை நடத்தி அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியை வளர்த்தார். அவருடைய பெயரையே அக்கல்லூரி இன்றும் தாங்கி நிற்கிறது.

இனி அந்த முப்பது நாள் கணக்குக்கு வருவோம்.

திருகை ஊன்றுவது பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. எலும்பு அதனோடு ஒட்ட வேண்டுமே, அதுதான் நேரம் பிடிக்கும். கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடையின் எலும்பு மென்மையானது என்பதால் ஆறு மாதம் வரை என்பது நெடுநாளைய வழக்கம். எலும்பு உறுதியாக இருப்பவர்களுக்கு இப்போது இந்தக் காலம் குறைக்கப்படுகிறது. சிலருக்கு அன்றே தற்காலிகப் பல்லும் வைக்கிறார்கள். ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. பல் பிடுங்கி ஆண்டுகள் பல கடந்திருந்தால் அவ்விடத்து எலும்பு தேய்ந்திருக்கும். எலும்புத் தூள் இட்டு அதை நிரப்ப வேண்டும். அது இறுகவும் சில மாதங்கள் ஆகும். விமானச் சீட்டின் தேதியைப் பார்த்து எலும்பு வளர்வதில்லை அல்லவா?

இதை எடுத்துச் சொல்லாமல், "மூன்றே நாளில் முத்துப் போன்ற பல்வரிசை" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கவனமாக இருங்கள். பல வேளைகளில் அங்கே நடப்பது இம்பிளாண்டே அன்று. நல்ல நிலையிலுள்ள சொந்தப் பற்களைச் சிறு முளைகளாக அராவி, மேலே வெள்ளை உறைகளை மாட்டிவிடுகிறார்கள். அராவிய பல் மீண்டும் வளராது. துருக்கி சென்று இவ்வாறு செய்துகொண்ட இளைஞர்களைப் பற்றி பிரிட்டிஷ் பல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். துருக்கியில் திறமையான மருத்துவர்கள் இல்லை என்று இதற்குப் பொருளன்று. அவசரமும் விளம்பரமும் கைகோத்த இடத்தில் எந்த நாடானாலும் நிலைமை ஒன்றுதான். நம் ஊரும் விலக்கன்று.

ஆகவே, ஊருக்கு வரும் சகோதரர்கள் இதை இரண்டு விடுமுறைக்குரிய வேலையாக வகுத்துக்கொள்வதே என் கருத்தில் சிறந்தது. முதல் விடுமுறையில் வந்திறங்கிய முதல் வாரமே மருத்துவரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, திருகை ஊன்றிவிடுங்கள். கலியாணம், விருந்து, வீட்டு வேலை என்று தள்ளிப்போட்டு, புறப்படும் வாரத்தில் ஊன்றினால், வீக்கமோ சீழோ வந்தால் பார்ப்பதற்கு யார் இருப்பார்கள்? மேல்தாடையில் மூக்கை ஒட்டிய காற்றறை வரை எலும்பு வேலை செய்திருந்தால், விமானத்தில் ஏறலாமா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். அடுத்த விடுமுறையில் கிரவுன். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு தற்காலிகப் பல் போதும்.

மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்க மறவாதீர்கள். பொருத்திய திருகு எந்த நிறுவனத்தினுடையது, அதன் நீளம், அகலம், வரிசை எண் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் திருகுக்கு உரிய சாவியும் உதிரிகளும் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. மேல்மூடி தளர்ந்து, அபுதாபியிலோ கோலாலம்பூரிலோ ஒரு மருத்துவர்முன் நீங்கள் வாயைத் திறக்கும்போது, "இது என்ன திருகு?" என்று அவர் கேட்டால், அந்தக் காகிதம் இல்லாமல் நீங்கள் பதில் சொல்ல முடியாது. "பத்தாண்டு உத்தரவாதம்" என்று எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். திரும்பி வர உங்களுக்கு வழியிருந்தால்தான் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு.

சிலருக்கு இந்தச் சிகிச்சை கூடாது, அல்லது தாமதிக்க வேண்டும். கட்டுப்பாடில்லாத நீரிழிவு முதல் தடை. நம் இல்லங்களில் அது எவ்வளவு மலிந்துவிட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தது புகை. வளைகுடாவுக்குச் சென்று இந்தப் பழக்கத்தோடு திரும்புவோர் உண்டு. புகைப்பவர் வாயில் திருகு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல். எலும்புத் தேய்வுக்காகச் சில வகை மருந்துகளை உட்கொள்ளும் பெண்மணிகளும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மார்க்க அடிப்படையில் எழும் வினாக்களும் சில உண்டு. மதரஸாவுக்கு வந்து இவற்றைக் கேட்போர் பலர். நிலையாகப் பொருத்தப்பட்டுக் கழற்ற இயலாத பல், சொந்தப் பல்லின் இடத்தைப் பெற்றுவிடுகிறது. ஒளுவுக்கோ கடமையான குளிப்புக்கோ அது தடையில்லை என்பதே உலமாக்களின் பொதுவான தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது பர்ளு. ஷாஃபி மத்ஹபில் சுன்னத்து. கழற்றி மாட்டும் பல்செட் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கொப்பளிப்பது பேணுதலானது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த வரலாற்றைக் கொண்டு, தேவைக்காகப் பல்லைப் பொன்னால் கட்டுவதையும் அறிஞர்கள் ஆகுமாக்கினர்.

பெரும்பாலோர் கேட்கத் தவறும் வினா மற்றொன்று. எலும்பை நிரப்பும் தூள், நோயாளியின் சொந்த எலும்பாகவோ, மாட்டெலும்பிலிருந்து பெற்றதாகவோ, வேதிப்பொருளால் ஆனதாகவோ இருக்கலாம். பன்றியிலிருந்து எடுத்ததும் விற்பனையில் உண்டு. அதன்மேல் போர்த்தும் மெல்லிய சவ்வு பல வேளைகளில் பன்றியின் திசுவால் ஆனது. மருத்துவர் இதைத் தாமாகச் சொல்வது அரிது. "டாக்டர், இது எதிலிருந்து எடுத்தது?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றுப்பொருள் கிடைக்கிறது; கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

"பல் அழகுக்குத்தானே, அதற்கா இத்தனை செலவு?" என்று கேட்போருக்கு, தஜ்வீது கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஸா, தால், ளா ஆகிய மூன்று எழுத்துக்களும் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும் இடத்தில் பிறக்கின்றன. ஃபா என்னும் எழுத்துக்குக் கீழுதடும் அதே பற்களும் வேண்டும். நம் தமிழ் வகரமும் மேற்பல்லும் கீழிதழும் கூடிப் பிறப்பதே. முன்பல் விழுந்தபின் ஓத வெட்கப்பட்டுக் கூட்டத்தில் வாய் திறக்காமல் ஒதுங்கிவிட்ட பெரியவர்களை நான் அறிவேன்.

வீட்டிலிருக்கும் முதியோரின் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. மகன் பணம் அனுப்புகிறேன் என்றாலும், "எனக்கு இனி எதற்கு வாப்பா பல்? உன் பிள்ளைகளுக்குச் செலவு செய்" என்று தட்டிக்கழிக்கும் உம்மாமார் எத்தனை பேர்! கறியைத் தள்ளிவிட்டு, கஞ்சியும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்பதுமாக அவர்கள் நாட்கள் கழிகின்றன. உடல் மெலிவதற்கு வயதைக் காரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு வாய் முழுதும் திருகு ஊன்ற வேண்டியதில்லை. பற்கள் முழுதும் விழுந்த கீழ்த்தாடையில் இரண்டே திருகுகளை ஊன்றி, அவற்றில் பல்செட்டைக் கொளுவிவிட்டால், அது நழுவாமல் நிற்கும். செலவும் வெகுவாகக் குறையும். அதற்கும் வசதியில்லையெனில் நன்கு அளவெடுத்துச் செய்த சாதாரணப் பல்செட்டே போதுமானது. 1953 ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் பல்செட் செய்கிறார்கள். காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. தனியாரிடம் செல்வோர், மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, இத்துறையில் மேற்படிப்போ பயிற்சியோ பெற்றவரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அப்படி விசாரிப்பது மரியாதைக் குறைவாகாது.

டைட்டானியத்துக்குச் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு அழுகும், எலும்பும் கரையும். வலி தெரியாமலே இது நடக்கும். எனவே காலையும் இரவும் துலக்குவதோடு, இடுக்குகளில் நுழையும் சிறு தூரிகையையும் பயன்படுத்த வேண்டும். மிஸ்வாக் செய்வோர் அதன் நார் முனையை ஈறோடு அழுத்தாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரிடம் காட்டிவர வேண்டும். அதற்காக ஊர் வரக் காத்திராமல் வேலை செய்யும் நாட்டிலேயே காட்டலாம், அந்தச் செலவு பெரிதன்று.

ரமளானை ஒட்டி விடுமுறை எடுப்பவர்கள் திருகு ஊன்றும் வேலையை ஷஃபான் நடுவுக்குள்ளாக முடித்துவிடட்டும். அதன்பின் வரும் வாரத்தில் மருந்தும் குளிர்ந்த மென்னுணவும் பகல் முழுதும் வேண்டியிருக்கும். தையல் பிரித்து, புண் ஆறி, முதல் நோன்புக்குள் ஸஹர் உணவை எதிர்ப்பக்கப் பற்களால் மெல்லும் நிலைக்கு இன்ஷா அல்லாஹ் வந்துவிடலாம்.